லண்டன்ல ஓசியில ஐரோப்பிய அரசியல்: யூனிவர்சிட்டி பப்ளிக் லெக்சர், ஒர்க்‌ஷாப் ரிவ்யூ

லண்டன்ல மூச்சு விட்டாலே காசுன்னு புலம்புறவங்க யாரும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆல்ட்விச் பக்கம் எட்டிப் பாத்ததில்ல போல. எல்எஸ்இயும் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) கிங்ஸ் காலேஜும் அங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம், கொஞ்சம் வடக்க நடந்தா யூசிஎல் (யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்). டெர்ம் நடக்குற மாசங்கள்ல இந்த மூணு இடத்துலயும் யாராவது ஒருத்தர் மேடையேறி பேசிட்டே இருப்பாங்க, அதுல ஐரோப்பிய யூனியன், நேட்டோங்கிற அமெரிக்கா-ஐரோப்பா ராணுவக் கூட்டணி, பிரெக்ஸிட், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல ஓடுற சண்டை சமாதானம்னு இந்த ஏரியாவுக்கு எப்பவும் நல்ல பங்கு உண்டு. பெரும்பாலும் ஃப்ரீ. ஸ்டூடன்ட்டா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் படிச்சது இன்ஜினியரிங், பாக்குறது ஐடி வேலை, அரசியல் அறிவியல்ல ஒரு பேப்பர் கூட எழுதினது கிடையாது, ஆனாலும் பப்ளிக் லெக்சருக்குப் போன எந்த வாசல்லயும் நீ யாரு, உனக்கு இங்க என்ன வேலைன்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

ஏர்ஃப்ரையருக்கும் பிரியாணி கடைக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், இதுக்கு மட்டும் யாரும் எழுதுறதில்ல, எழுதினாலும் "சிறப்பான உரை, பயனுள்ள மாலை"ன்னு ஒரு போட்டோவோட முடிச்சுடுறாங்க. டிக்கெட் ஃப்ரீதான், ஆனா ஆபீஸ் முடிஞ்சு ரெண்டு மணி நேரம் போகுது, அதுக்கப்புறம் ஈஸ்ட் ஹாமோ ஹேரோவோ வீட்டுக்குப் போய் சேர ஒன்பதரை ஆகுது, வீட்டுல குழந்தை இருக்குறவங்களுக்கு அது சின்ன விலை இல்ல. அதனால என் தீர்ப்ப முதல்லயே சொல்லிடுறேன். பேச்சக் கேக்குறதுக்காக நேர்ல போகாதீங்க, அது பாட்காஸ்ட்ல வந்துரும், பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்டுக்கலாம். நேர்ல போறதா இருந்தா கேள்வி நேரத்துக்காகப் போங்க. எந்த நிகழ்ச்சியில கேள்வி நேரம் உருப்படியா இருக்கும், எதுல இருக்காதுன்னு மோப்பம் பிடிக்கத் தெரிஞ்சுட்டா இத விட நல்ல சரக்கு இந்த ஊர்ல ஓசியில கிடைக்காது.

முதல்ல எல்எஸ்இ. ஹோல்பர்ன் ஸ்டேஷன்ல இறங்கி கிங்ஸ்வேல தெற்க நடந்தா அஞ்சு ஆறு நிமிஷம். வழக்கமான டைம் ஆறரை டு எட்டு. சிலதுக்கு முன்கூட்டி டிக்கெட் போடணும், சிலது முதல்ல வந்தவங்களுக்கு முதல் சீட். அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சா ஸ்டூடன்ட் சென்டர் வாசல்ல பெரிய குளோப் ஒண்ணு தலைகீழா நிக்கும், மார்க் வாலிங்கர்னு ஒரு சிற்பி பண்ணது, 2019ல வெச்சாங்க. அதுல தைவான வேற கலர்ல போட்டுட்டாங்கன்னு சீன மாணவர்கள் ஒரு பக்கம், மாத்தக் கூடாதுன்னு தைவான் மாணவர்கள் இன்னொரு பக்கம், கடைசியில ஒரு நட்சத்திரக் குறி போட்டு சமாளிச்சாங்க. சர்வதேச அரசியல் என்னன்னு உள்ள போகுறதுக்கு முன்னாடியே வாசல்ல டெமோ காட்டிடுறாங்க.

எல்எஸ்இன்னா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல அம்பேத்கர்தான் ஞாபகம் வருவார், 1923ல அங்க டாக்டர் பட்டம் வாங்கினவரு, கே.ஆர். நாராயணனும் அங்க படிச்சவருதான். ஆனா இந்த ரிவ்யூவுக்கு சம்பந்தப்பட்ட ஆள் ரால்ஃப் டாரன்டார்ஃப். ஜெர்மன்காரர், ஐரோப்பிய கமிஷன்ல கமிஷனரா இருந்துட்டு வந்து 1974ல இருந்து பத்து வருஷம் எல்எஸ்இக்கு டைரக்டரா இருந்தார், அப்புறம் ஆக்ஸ்ஃபோர்ட்ல ஒரு காலேஜுக்குத் தலைவர், கடைசியில பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில உறுப்பினர். ஐரோப்பாவப் பத்தி வெளியில நின்னு வேடிக்கை பாக்குற பேச்சா இல்லாம வேலை செஞ்சு பாத்தவங்க பேச்சா இருக்கணும்ங்கிற பழக்கம் அங்க இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கு, கமிஷன்ல இருந்தவங்க, தூதரா இருந்தவங்க, சென்ட்ரல் பேங்க் ஆளுங்கன்னு வந்துட்டே இருப்பாங்க.

அப்புறம் அந்த ராணி கதை. 2008 நவம்பர்ல எல்எஸ்இயோட புது கட்டடத்த திறந்து வைக்க எலிசபெத் ராணி வந்தாங்க, இப்ப ஷேக் ஸாயித் தியேட்டர்ங்கிற லெக்சர் ஹால் இருக்குற அதே கட்டடம்தான். அமெரிக்காவுல லேமேன் பேங்க் கவுந்து உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டு ரெண்டு மாசம் கூட ஆகல. அங்க நின்ன பேராசிரியர்கள்கிட்ட, இவ்வளவு பெரிய விஷயத்த எப்படி யாருமே முன்னாடி கவனிக்காம விட்டீங்கன்னு கேட்டுட்டாங்க. சிம்பிளான கேள்வி. பிரிட்டிஷ் அகாடமி கூடிப் பேசி முறையா பதில் லெட்டர் எழுத 2009 ஜூலை ஆயிடுச்சு. அந்த கேம்பஸ்ல கேட்ட கேள்விகள்லயே பெரிய கேள்வி அதுதான்னு நான் நினைக்கிறேன், கேட்டவங்க ஒரு எகனாமிக்ஸ் கிளாஸ் கூட அட்டென்ட் பண்ணாதவங்க.

இப்ப நட்சத்திரப் பேச்சாளர் விவகாரம். முன்னாள் பிரதமர், முன்னாள் வெளியுறவு அமைச்சர், நேட்டோவுல பெரிய பதவியில இருந்தவருன்னு பேர் போட்ட உடனே டிக்கெட் பறந்துரும். ஒரு முறை போய்ப் பாருங்க, ஆசை தீர்ந்துரும். நான் போன அந்த மாதிரி மாலைகள் எல்லாமே ஒரே அச்சு. முதல் பத்து நிமிஷம் தலைமை தாங்குறவர் பயோடேட்டா வாசிப்பார். அப்புறம் பேச்சாளர் ஒரு ஜோக், ஜனநாயகம் ஆபத்துல இருக்குன்னு ஒரு பத்து நிமிஷம், நடுவுல கண்டிப்பா அந்த டெலிபோன் மேட்டர், அதாவது ஐரோப்பாவோட பேசணும்னா நான் எந்த நம்பருக்கு போன் போடுறதுன்னு அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த கிஸ்ஸிஞ்சர் கேட்டாராம்ங்கிற வசனம். அத நான் சொன்னேனான்னு எனக்கே சரியா தெரியலன்னு கிஸ்ஸிஞ்சரே பின்னாடி சொல்லிட்டார், இருந்தாலும் விடமாட்டாங்க. அப்புறம் கேள்வி நேரம்னு மிஞ்சுறது இருபது நிமிஷம். மூணு மூணு கேள்வியா ஒண்ணா வாங்கிக்குவாங்க, இந்த ஊர்ல எங்க போனாலும் இதே வழக்கம்தான், பெரிய ஆளுங்க அந்த மூணுல ஈஸியானத மட்டும் எடுத்து, பந்தியில பிடிச்ச கூட்ட மட்டும் சாப்பிட்டு மீதிய எலைக்கு அடியில தள்ளுற மாதிரி, கஷ்டமான ரெண்டையும் கமுக்கமா தள்ளி விட்டுடுவாங்க. ஈராக் போர் பத்திக் கேட்டா காலநிலை மாற்றத்துக்கு பதில் வரும்.

யூனிவர்சிட்டி மேடையில பெரிய ஆளுங்க பேசறதே வேஸ்ட்னு சொல்ல வரல. ஐரோப்பாவோட வரலாறு பாதி யூனிவர்சிட்டி ஹால்ல நடந்ததுதான். 1946ல சர்ச்சில் ஐரோப்பிய ஐக்கிய நாடுகள்னு ஒண்ணு வேணும்னு பேசினது ஜூரிக் யூனிவர்சிட்டியில. 1947 ஜூன் 5ல அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஹார்வர்ட்ல பட்டமளிப்பு நாளன்னிக்கு கால் மணி நேரம் கூட பேசல, அதுல இருந்து கிளம்பினதுதான் போருல நொறுங்கின ஐரோப்பாவ தூக்கி நிறுத்துன மார்ஷல் திட்டம், 16 நாட்டுக்கு கிட்டத்தட்ட 13 பில்லியன் டாலர். 1988ல பிரிட்டன் பிரதமர் தாட்சர், ஐரோப்பிய அமைப்போட தலைமையிடமான பிரஸல்ஸோட அதிகாரத்துக்கு எதிரா கொடி தூக்கினது ப்ரூஷ்ல இருக்குற காலேஜ் ஆஃப் யூரோப்ல, பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2017லயும் 2024லயும் ஐரோப்பா பத்தி நீளமா முழங்கினது பாரிஸ்ல சோர்போன் யூனிவர்சிட்டியில. எல்லாம் சரி, ஆனா அதுல எல்லாம் வரலாறானது மேடையில இருந்து வந்த பேச்சுதான், கீழ இருந்து வந்த கேள்வி இல்ல. அந்த மாதிரி பேச்ச நீங்க ரெக்கார்டிங்ல பாத்தா போதும், நேர்ல போய் பின் வரிசையில உக்காந்து ஒரு வழுக்கை மண்டைக்கு மேல பாதி முகத்த பாக்குறதுல புதுசா ஒண்ணும் கிடைக்காது.

சரக்கு இருக்குறது தலைப்பு குறுகலா, பேர் கேள்விப்படாததா இருக்குற மாலைகள்ல. உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன், நேட்டோ ஒப்பந்தத்தோட அஞ்சாவது ஷரத்து பத்தி மட்டும் ஒரு மாலை. பாதி சீட் காலி. பேசினவங்க ஒரு லா லெக்சரர், ஸ்லைடு மொத்தமே மூணோ நாலோ, அதுலயும் ஒப்பந்த வாசகம் மட்டும்தான். ஒருத்தர தாக்கினா எல்லாரையும் தாக்கின மாதிரின்னு நாம பேப்பர்ல படிக்கிறோம்ல, அதுக்கு அடுத்த வரிய யாரும் படிக்கிறதில்லன்னு சொல்லி அத திரையில பெருசு பண்ணிக் காட்டினாங்க. ஒவ்வொரு நாடும் "தனக்கு அவசியம்னு படுற நடவடிக்கைய" எடுக்கும்னுதான் இருக்கு. படை அனுப்பியே ஆகணும்னு எங்கயும் இல்ல. ஒரு நாடு போர்வையும் மருந்தும் அனுப்பிட்டு என் கடமை முடிஞ்சதுன்னு சொன்னாலும் வாசகப்படி வாதாட இடம் இருக்கு. 1949ல அமெரிக்க செனட், போர் அறிவிக்கிற அதிகாரம் காங்கிரஸ் கையவிட்டுப் போயிரக் கூடாதுன்னு கவலப்பட்டதால வந்த வாசகம் அது.

அதுக்கு அடுத்த ஷரத்து இன்னும் சுவாரசியம். ஆறாவது. எந்த எந்த நிலப்பரப்புக்கு இந்த பாதுகாப்பு பொருந்தும்னு அதுல எல்லை போட்டிருக்காங்க, கடக ரேகைக்கு வடக்க இருக்குற அட்லான்டிக் ஏரியா. அதனாலதான் 1982ல ஃபாக்லண்ட அர்ஜென்டினா புடிச்சப்ப பிரிட்டன் அஞ்சாவது ஷரத்த தொடவே முடியல. ஹவாய் பசிபிக்ல இருக்குறதால அதுவும் வாசகப்படி வெளியதான். அந்த அஞ்சாவது ஷரத்த இதுவரைக்கும் எடுத்தது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள். அமெரிக்கா ஐரோப்பாவ காப்பாத்துறதுக்குன்னு எழுதினது, கடைசியில ஐரோப்பாக்காரங்க அமெரிக்காவுக்காக எடுத்தாங்க, நேட்டோவோட அவாக்ஸ்ங்கிற கண்காணிப்பு விமானங்கள் பல நாட்டு ஆளுங்களோட பறந்து போய் 2002 மே வரைக்கும் அமெரிக்க வானத்துக்கு காவல் நின்னுச்சு.

கேள்வி நேரத்துல ஒரு வயசான அம்மா, கையில ஷாப்பிங் பேக், எழுந்து கேட்டாங்க: அப்ப ஐரோப்பிய யூனியனுக்குள்ளயே இந்த மாதிரி ஒரு ஷரத்து இருக்கே, அது இத விட கண்டிப்பா எழுதியிருக்கே, அத ஏன் யாரும் பேசறதில்லன்னு. லெக்சரர் முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. 42ஆவது ஷரத்து ஏழாவது பிரிவு. தங்களால முடிஞ்ச எல்லா வழியிலயும் உதவ கடமைப்பட்டவங்கன்னு நேரா இருக்கு. பிரான்ஸ் அத 2015 நவம்பர்ல பாரிஸ் தாக்குதலுக்கு அப்புறம் எடுத்துச்சு. வாசகம் கெட்டியா இருக்கு, பின்னாடி அமெரிக்க படை இல்ல, நேட்டோவுல வாசகம் தொளதொளன்னு இருக்கு, பின்னாடி படை இருக்கு, ஆக நம்பிக்கைங்கிறது பேப்பர்ல இல்லன்னு அவங்க விளக்கி முடிக்க பதினஞ்சு நிமிஷம் ஆச்சு, லெக்சர விட அந்த பதினஞ்சு நிமிஷம்தான் இன்னும் மண்டையில நிக்குது. 2025 பிப்ரவரியில அமெரிக்க துணை ஜனாதிபதி வான்ஸ் மியூனிக்ல ஐரோப்பியர்களுக்கு பாடம் எடுத்ததும், ஜூன்ல நேட்டோவோட ஹேக் மாநாட்டுல 2035க்குள்ள பாதுகாப்புக்கு ஜிடிபில 5 சதவீதம்னு எல்லாரும் தலையாட்டினதும், அத எல்லாம் நியூஸ்ல பாக்குறப்ப எனக்கு அந்த ஷாப்பிங் பேக் அம்மா கேள்விதான் ஞாபகம் வந்துச்சு.

அடுத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிங்ஸ் காலேஜ். இங்க "யூகே இன் அ சேஞ்சிங் யூரோப்"னு ஒரு ஆய்வு அமைப்பு இருக்கு, ஆனந்த் மேனன் தலைமையில. பிரெக்ஸிட் பத்தி கத்தாம பேசணும்னா இவங்கதான். பொதுமக்களுக்கு புரியணும்ங்கிறதே இவங்க வேலைங்கிறதால பேச்சு சுருக்கமா இருக்கும், மேடையில நாலு பேர் உக்காந்தா நாலு பேரும் ஒரே கட்சியா இருக்க மாட்டாங்க. மேனன் ஊர் ஊரா கூட்டம் போட்டப்ப நடந்த ஒரு விஷயம் ரொம்ப பிரபலம். 2016 ரெஃபரண்டத்துக்கு முன்னாடி நியூகாசில்ல பேசுறப்ப, ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்தா ஜிடிபி இவ்வளவு குறையும்னு அவர் சொல்ல, கூட்டத்துல இருந்து ஒரு பெண்மணி, அது உங்க ஜிடிபி, எங்களோடது இல்லன்னு கத்தினாங்க. 52க்கு 48ன்னு ரிசல்ட் வந்ததுக்கு காரணம் சொல்ல நிபுணர்கள் எத்தனையோ பக்கம் எழுதினாங்க, அந்த அம்மா நாலு வார்த்தையில முடிச்சுட்டாங்க. நல்ல விஷயம் என்னன்னா மேனன் அத மறைக்காம தானே எல்லா இடத்துலயும் சொல்றார். சபையில வாங்கின அடிய பாடமா எடுத்துக்குற பேச்சாளர் கிடைச்சா விடாதீங்க.

கிங்ஸ் காலேஜ் இப்ப வெச்சிருக்குற கட்டடங்கள்ல புஷ் ஹவுஸும் ஒண்ணு. பேரக் கேட்டதும் சில பேருக்கு காது விரியும். ஆமா, அதேதான், பிபிசி தமிழோசை வந்த புஷ் ஹவுஸ். ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு தாத்தா ரேடியோவ திருகி திருகி புடிச்சது இந்த கட்டடத்துல இருந்து வந்த குரலத்தான். பிபிசி 2012ல காலி பண்ணிட்டு போயிட்டாங்க. நிகழ்ச்சிக்கு போறவங்க நேரா உள்ள ஓடாம கிங்ஸ்வே பக்கம் வந்து நின்னு அண்ணாந்து பாருங்க. தூண்களுக்கு மேல ரெண்டு ஆம்பள சிலை, ஒண்ணு பிரிட்டன், ஒண்ணு அமெரிக்கா, சேர்ந்து ஒரு தீவட்டிய தூக்கிப் புடிச்சுட்டு நிக்கும், கீழ ஆங்கிலம் பேசும் மக்களின் நட்புக்குன்னு கல்லுல வெட்டியிருக்கும். கட்டினது இர்விங் புஷ்ஷுன்னு ஒரு அமெரிக்க தொழிலதிபர், சிலை செஞ்சது மால்வினா ஹாஃப்மன், அவங்களும் அமெரிக்கர், திறந்தது 1925 ஜூலை 4, நாளக் கூட பாத்துதான் வெச்சிருக்காங்க. 1944ல ஆல்ட்விச்ல ஜெர்மன்காரன் வி-1 குண்டு விழுந்து அமெரிக்கா சிலையோட கை போச்சு. ரொம்ப வருஷம் அப்படியே நொண்டிக் கையோட நின்னுட்டு, 1970கள்லதான் அமெரிக்காவுல இருந்து புதுக் கை வந்து ஒட்டினாங்க. அமெரிக்கா ஐரோப்பா உறவு பத்தி கேக்கப் போறவங்க அந்தக் கைய ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போலாம், டிக்கெட் கூட வேண்டாம்.

இனி ஒர்க்‌ஷாப். லெக்சரும் ஒர்க்‌ஷாப்பும் வேற வேற ஐட்டம், நிறைய பேர் கொழப்பிக்குவாங்க. ஒர்க்‌ஷாப்னா சின்ன ரூம், இருபது முப்பது பேர், பகல் நேரம், லீவு போடணும். ரெண்டு வகை உண்டு. ஒண்ணு ஆராய்ச்சி மாணவங்க தங்க பேப்பர படிச்சு அடி வாங்குறது, அதுல நமக்கு இடம் கிடைக்கிறது அதிர்ஷ்டம், கிடைச்சாலும் முதல் ஒரு மணி நேரம் தலை கால் புரியாது. சில இடத்துல சாத்தம் ஹவுஸ் ரூல்னு சொல்லுவாங்க, இங்க கேட்டத வெளிய சொல்லலாம் ஆனா யார் சொன்னாங்கன்னு சொல்லக் கூடாது. 1927ல இருந்து இருக்குற வழக்கம். அந்த ரூல் போட்ட உடனே அதிகாரிங்க வாய் எப்படி திறக்குதுன்னு பாக்கணும், மேடையில நம் உறவு உறுதியானதுன்னு பேசின ஆளே ரூமுக்குள்ள தலைய சொறிவார்.

அப்படி ஒரு ரூம்லதான் குளோரின் கோழி கதைய, அதாவது வெட்டின கோழிய குளோரின் தண்ணியில கழுவுற அமெரிக்க வழக்கத்தோட கதைய, முழுசா கேட்டேன். 2013ல ஆரம்பிச்சு 2016ல படுத்துட்ட டிடிஐபி வர்த்தக ஒப்பந்தம் ஞாபகம் இருக்கா, அமெரிக்கா ஐரோப்பா ரெண்டையும் ஒரே சந்தையாக்குற பிளான். ஜெர்மனியில ஜனங்க தெருவுக்கு வந்து எதிர்த்ததுக்கு ஒரு பெரிய காரணம் இந்தக் கோழி. 1997லயே ஐரோப்பா இத தடை பண்ணிடுச்சு. குளோரின் விஷம்னு இல்லையாம், பிரச்சன வேற. கடைசியில கழுவிக்கலாம்னு தெரிஞ்சா பண்ணையில, லாரியில, வெட்டுற இடத்துல சுத்தம் பாக்க மாட்டாங்கங்கிறதுதான் ஐரோப்பாவோட வாதம். அமெரிக்கா சொல்றது, கடைசியில கோழியில கிருமி இருக்கா இல்லையா, அத மட்டும் பாருன்னு. வழிய கட்டுப்படுத்துறதா, முடிவ சோதிக்கிறதாங்கிற இந்த சண்டைதான் இன்னிக்கி டேட்டா பிரைவஸி, ஏஐ சட்டம் வரைக்கும் ஓடுதுன்னு ஒரு பொண்ணு, பிஎச்டி ரெண்டாவது வருஷமோ என்னவோ, சொல்லிட்டுப் போச்சு. ஐடியில ஜிடிபிஆர்ங்கிற ஐரோப்பிய டேட்டா பாதுகாப்பு சட்டத்துக்கு கம்ப்ளையன்ஸ்னு வருஷா வருஷம் ட்ரெயினிங் எடுக்குற எனக்கு அப்பதான் அது ஏன் அப்படி எழுதியிருக்குன்னு வெளங்குச்சு.

ரெண்டாவது வகை சிமுலேஷன். ஆளுக்கு ஒரு நாடு குடுத்து ஐரோப்பிய யூனியனோட அமைச்சர்கள் கவுன்சில் மாதிரி ஓட்டு போட வைப்பாங்க. எனக்கு விழுந்தது மால்டா. அஞ்சு லட்சத்து சொச்சம் ஜனத்தொகை, சரி டீ குடிச்சுட்டு உக்காந்துருக்க வேண்டியதுதான்னு நினைச்சேன். ரூல் என்னன்னா 27 நாட்டுல 15 நாடு சேரணும், அந்த நாடுகள்ல யூனியன் ஜனத்தொகையில 65 சதவீதம் இருக்கணும், அப்பதான் தீர்மானம் பாஸ். அப்ப 35க்கு மேல வெச்சிருந்தா தடுத்துரலாம். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூணும் சேர்ந்தாலே அத தாண்டிரும், ஆனா தடுக்கணும்னா குறைஞ்சது நாலு நாடு வேணும்னு ஒரு கொக்கி வெச்சிருக்காங்க, பெரிய ஆளுங்க மூணு பேர் சேர்ந்து மத்தவங்கள மிரட்டக் கூடாதுன்னு. டீ பிரேக்ல ஜெர்மனி என்கிட்ட வந்தாரு, பிரான்ஸ் பிஸ்கட்டோட வந்தாரு, நாலாவது ஆளா நீ வாப்பான்னு. அடுத்த ரவுண்டு ரஷ்யா மேல தடை நீட்டிக்கிறது, அதுக்கு எல்லாரும் ஒத்துக்கணும், நிஜத்துலயும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ இந்தக் கூத்து நடக்குது, ஹங்கேரியா உக்காந்த பையன் அசராம எல்லாருகிட்டயும் ஏதாவது ஒண்ணு கறந்துட்டான். ஐரோப்பிய யூனியன் ஏன் இவ்வளவு ஸ்லோன்னு இனிமே நான் யாரையும் கேக்க மாட்டேன். இந்த வகை ஒர்க்‌ஷாப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு, லீவு போட்டே போலாம்.

ஆக்ஸ்ஃபோர்ட் போறவங்களுக்கு: செயின்ட் ஆன்டனிஸ் காலேஜோட ஐரோப்பிய ஆய்வு மையம், வுட்ஸ்டாக் ரோட்ல. டாரன்டார்ஃப் தலைவரா இருந்த காலேஜ் இதுதான், ஐரோப்பா பத்தி நிறைய எழுதுற வரலாற்றாசிரியர் டிமத்தி கார்ட்டன் ஆஷ் இருக்குற இடமும் இதுதான். செமினார் சின்னதா, நெருக்கமா இருக்கும், ஆனா லண்டன்ல இருந்து பஸ்ஸுல போயிட்டு வர்ற நேரத்துக்கு வேற வேலையும் ஆக்ஸ்ஃபோர்ட்ல வெச்சுக்கிட்டாதான் கட்டுப்படியாகும்.

குறைன்னு சொன்னா கொஞ்சம் இருக்கு. ஒரு இடத்துல, பேர் வேண்டாம், ஃப்ரீ டிக்கெட் எடுத்தவங்க பாதி பேர் வரமாட்டாங்கன்னு கணக்குப் போட்டு ஹால் அளவுக்கு மேல டிக்கெட் விட்டுருக்காங்க, அன்னிக்கின்னு பாத்து எல்லாரும் வந்துட்டாங்க, மழையில முக்கால் மணி நேரம் நின்னதுக்கு அப்புறம் பக்கத்து ரூம்ல டிவியில பாருங்கன்னு அனுப்பினாங்க, சவுண்டு வேற ரெண்டு செகண்டு லேட்டா வந்துச்சு. இன்னொரு இடத்துல ஆன்லைன் லிங்க்கு நிகழ்ச்சி முடிஞ்சு மறுநாள் காலையில வந்துச்சு. அப்புறம் எல்லா ஊர்லயும் இருக்குற அந்த மைக் மாமா. "எனக்கு கேள்வி இல்ல, ஒரு கருத்து"ன்னு ஆரம்பிச்சு, பிரிட்டன் ஐரோப்பிய கூட்டமைப்புல சேர்ந்த 1973ல இருந்து வருவார். நல்ல சேர்பர்சன் இருந்தா முப்பது செகண்டுல வெட்டி விட்டுடுவாங்க, கூச்சப்படுற ஆளா இருந்தா அன்னிக்கி கேள்வி நேரம் காலி.

இதெல்லாம் கூட பரவால்ல. எனக்கு இருக்குற பெரிய வருத்தம் வேற, இவங்க ஐரோப்பான்னு பேசறப்ப காலனி நாடுகள் என்னமோ வேற கிரகத்துல இருந்த மாதிரியே பேசுவாங்க. அமைதிக்கான திட்டம், போருக்கு அப்புறம் ஞானம் வந்து ஒண்ணா சேர்ந்தோம்னு ஒரு கதை, அதே வருஷங்கள்ல பிரான்ஸ் அல்ஜீரியாவுல என்ன பண்ணிட்டு இருந்துச்சு? ஒரு லெக்சர்ல பின்னாடி இருந்து ஒரு பையன் எழுந்து, நேட்டோ ஒப்பந்தத்துல அல்ஜீரியா பேர் இருக்கே, தெரியுமான்னு கேட்டான். இருக்கு. நான் மேல சொன்னேனே அதே ஆறாவது ஷரத்து, பிரான்ஸோட அல்ஜீரிய மாவட்டங்கள்னு 1949 வாசகத்துல எழுதியே இருக்கு, 1957 ரோம் ஒப்பந்தத்துலயும் அல்ஜீரியா வருது, 1962ல விடுதலை வாங்குற வரைக்கும் சட்டப்படி அதுவும் பிரான்ஸ்தான். பேச்சாளர் நல்ல கேள்வின்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். 1956ல பிரிட்டனும் பிரான்ஸும் சூயஸ் கால்வாய்க்காக எகிப்துக்குள்ள நுழைஞ்ச விவகாரத்த மட்டும் நல்லா பேசுவாங்க, ஏன்னா அது இவங்களுக்கு வலிச்சது, அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் பவுண்டு கழுத்த நெருக்கி பிரிட்டன எகிப்த விட்டு வெளிய வர வெச்சது. எகிப்துக்காரங்களுக்கு அது எப்படி இருந்துச்சுன்னு அந்தக் கதையில ஒரு வரி வராது. மத்தபடி பேச்சாளருங்க கெட்டிக்காரங்கதான், இந்த இடத்துல மட்டும் ரெண்டு மார்க் குறைக்கிறேன்.

சென்னை, கோவையில இருந்து பாக்குறவங்களுக்கு: எல்எஸ்இ பாட்காஸ்ட் ஃப்ரீ, பழசெல்லாம் மலை மாதிரி கிடக்கு, ஹார்வர்டோட ஐரோப்பிய ஆய்வு மையம், ஃப்ளாரன்ஸ்ல இருக்குற ஐரோப்பிய யூனிவர்சிட்டி இன்ஸ்டிடியூட் இவங்களும் ஆன்லைன்ல நெறைய போடுறாங்க. லைவ்ல பாக்கணும்னா லண்டன் ஆறரைங்கிறது வெயில் காலத்துல நமக்கு ராத்திரி பதினொண்ணு, குளிர் காலத்துல சரியா பன்னெண்டு, ஆன்லைன்ல கேள்விய டைப் பண்ணா படிக்க வாய்ப்பு பத்துல ஒண்ணுதான், அதுக்காக தூக்கத்த கெடுத்துக்க வேண்டாம்.

நேர்ல போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. ஜூன் நடுவுல இருந்து செப்டம்பர் முடிய பெருசா ஒண்ணும் இருக்காது, அக்டோபர்ல திரும்ப சூடு பிடிக்கும், ஈமெயில் லிஸ்ட்ல பேர் குடுத்துட்டா தன்னால வரும். ஹால்ல நடு வரிசையில நடு சீட் நல்லா தெரியும்னு உக்காராதீங்க, மைக் தூக்கிட்டு வர்ற ஸ்டூடன்ட் அங்க நுழைய மாட்டாங்க. நடைபாதை ஓரமா, மேடைக்கு வலமோ இடமோ, பாதி தூரத்துல உக்காருங்க. கேள்விய முன்னாடியே ரெண்டு வரியில எழுதி வெச்சுக்கங்க. கேள்வி இருக்கான்னு கேட்ட அந்த செகண்டே கை மேல இருக்கணும், அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம்னு விட்டா மணி எட்டாயிரும், லைட்ட போட்டுடுவாங்க.